நீ கேட்காத எண்

இதை எழுதும்போது உன் சாம்பல் நிறச் சால்வை என் மடியில் கிடக்கிறது. ஆபீஸ் நாற்காலியின் முதுகில் நீ போட்டுவைத்திருந்தது. போன வாரம் நிவேதா ஒரு துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா அதை வாங்கி முகத்தோடு அழுத்திக்கொண்டாள். பிறகு என்னிடம் நீட்டினாள். நானும் முகர்ந்து பார்த்தேன். நம் வீட்டு வாசனை ஒன்றுகூட அதில் இல்லை அக்கா. தேங்காய் எண்ணெய் இல்லை, பீரோவின் அந்துருண்டை இல்லை. ஏசி அறையின் குளிர்ந்த வாசனை, மெஷின் காபி, அப்புறம் நிவேதா கைகளில் தடவிக்கொள்கிற எலுமிச்சை கிரீம்.

"ரூம் ரொம்பக் குளிரும். நானும் அக்காவும் மாத்தி மாத்திப் போத்திண்டிருப்போம்" என்றாள் நிவேதா.

அவள் உன்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். முதல் நாளிலிருந்தே அப்படித்தான். உன் ஆராய்ச்சி ஆபீசில் உனக்கு அடுத்த மேசை, உன்னோடு சேர்ந்து ஒரே கணக்கைப் போட்டவள், உன்னைவிட இரண்டு வருடம் சின்னவள், மாட வீதிப் பக்கம் வீடு. அவளுக்கும் நீ அக்கா, எனக்கும் நீ அக்கா. அது எனக்குப் பிடிக்கவில்லை என்று உன்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அம்மா அவளுக்கு உன் டம்ளரில் காபி கொடுத்தாள். அவள் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எம் பொண்ணு மாரியே பேசுது பாரு" என்று என்னிடம் சொன்னாள். நான் அம்மாவை ஒட்டித்தான் நின்றுகொண்டிருந்தேன். நானும் அவள் பெண்தான்.

போகும்போது நிவேதா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "கணக்கு முடிஞ்சிடுத்து. பூட்டு மட்டும்தான் பாக்கி. நீ நம்பரைச் சொன்னாத்தான் தெரியும். சனிக்கிழமை ஆபீசுக்கு வரியா?"

நான் தலையை ஆட்டினேன். அது சரி என்பதா, மாட்டேன் என்பதா என்று அவளுக்குப் புரிந்திருக்காது. எனக்கே தெரியாது.

"இன்னாடி பூட்டு?" என்று அம்மா கேட்டாள். "சாவி நம்ம கைல கீதா?"

"சாவி இல்லம்மா. ஒரு நம்பர்."

"அத்த சொல்லிட்டு வர வேண்டிதுதான. அதுக்கு ஏன் மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீற?"

அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? உன் புடவைகளைச் சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். உன் மெடல்கள் அம்மாவுடையவை. உன் கணக்கு நிவேதாவுடையது. அந்த எண் மட்டும்தான் நீ எனக்கென்று விட்டுப்போனது. அதையும் எடுத்துக்கொள்ள அவள் வந்து நிற்கிறாள்.

உன்மேல் எனக்குப் பொறாமை இல்லாமல் இருந்த நாள் ஏதாவது உண்டா என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. நீ படித்த பள்ளிக்கூடத்தில், நீ உட்கார்ந்த வகுப்புகளில், ஒன்பது வருடம் கழித்து நான் போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு டீச்சரும் முதல் நாள் ஆசையாகக் கேட்பார்கள், "அவ தங்கச்சியா நீ?" முதல் பரீட்சைத் தாளைத் திருப்பித் தரும்போதும் அதே கேள்விதான், குரல் மட்டும் வேறு. எழுந்து நின்றால் தெரிந்த பதில்கூட வாய்க்கு வராது. பத்தாவது முடிந்ததும் இனிமேல் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்பா கத்தினார். அம்மா அழுதாள். நீ மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. "அவ இஷ்டம், உட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்துகொண்டாய். பிரபஞ்சம் பிறந்த புதிதில் என்ன நடந்தது என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தவள், பக்கத்துப் பாயில் படுத்திருந்தவளிடம் ஏன் என்று கேட்கவில்லை.

அப்புறம் தி.நகர் மேட்சிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். புடவையைக் கொண்டுவருவார்கள், அதன் நிறத்துக்கு ஜாக்கெட் துணியைத் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும். பேச வேண்டியதே இல்லை. துணியைப் புடவைமேல் வைத்துக் காட்டினால் போதும். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அங்கே யாருக்கும் உன்னைத் தெரியாது.

தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக நீ கடைக்கு வந்தாய். ஞாபகம் இருக்கிறதா? ரங்கநாதன் தெருவில் கால் வைக்க இடமில்லை. உன் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் வந்தேன். நடுத் தெருவில் திடீரென்று நின்றுவிட்டாய்.

"ஆபீஸ்ல நான் இன்னா பண்றேன்னு அம்மா கேட்டுகினே இருக்கா இல்ல? இதாண்டி. இந்தக் கும்பல்தான்."

"துணி எடுக்கிறதா?"

"மூஞ்சிப் பாரு. கேளு. பிரபஞ்சம் பொறந்த புதுசுல இப்டித்தான் நெரிசல். இதுல கரும்பொருள்னு ஒரு துகள் கீது. கண்ணுக்குத் தெரியாது, வெளிச்சம் உடாது, வெயிட்டு மட்டும் உண்டு. அதுங்க ரெண்டு ஒண்ணோட ஒண்ணு முட்டிகிச்சுன்னா ரெண்டுமே காலி. நெரிசல்ல முட்டிகினே கீதுங்க, காலியாயிகினே கீதுங்க."

"அப்ப எல்லாமே காலியாயிடும்."

"ஆவாது. ஏன்னா தெரு அகலமாயிகினே போவுது. அகலமாவ அகலமாவ ஒண்ணுகிட்ட ஒண்ணு போயி சேர முடியாது. ஒரு கட்டத்துல சுத்தமா நின்னுடும். அப்ப எத்தினி மிச்சம் கீதோ அத்தினிதான், என்னிக்கும். அந்த மிச்சம் எவ்ளோன்னு கணக்குப் போட்டு சொல்றதுதான் என் வேல."

"யம்மா, நட்ட நடுவுல நின்னுகினு இன்னா பாடம் எடுக்கிற, ஓரம் போம்மா" என்று ஒரு வண்டிக்காரர் நம்மை ஒதுக்கிவிட்டார். நீ சிரித்துக்கொண்டே என்னைக் கடை ஓரத்துக்கு இழுத்தாய்.

"இதுல ஒண்ணு கேளு. நல்லாப் பழகுற துகள்னா சீக்கிரம் முட்டி சீக்கிரம் காலியாயிடும். கூச்சப்படுற துகள்தான் நெறைய மிச்சமாவும். உன்ன மாரி ஊமக்கோட்டானுங்கதாண்டி இந்தப் பிரபஞ்சம் பூரா."

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் நீ இன்னும் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அதற்குள் நிவேதா போன் செய்துவிட்டாள். உடனே உன் தமிழ் மாறியது. "சொல்லு நிவி, இல்ல நிவி, நான் பார்க்கிறேன் நிவி." பஸ் ஸ்டாண்டு வரைக்கும் இங்கிலீஷும் அந்த ஆபீஸ் தமிழுமாகப் பேசிக்கொண்டே நடந்தாய். நான் உன் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தேன். நிவி. எனக்கு நீ வைத்த பெயர் ஊமக்கோட்டான்.

வானத்தில் எவ்வளவு கரும்பொருள் இருக்கிறது என்று வேறு ஆட்கள் முன்பே அளந்து வைத்திருந்தார்கள். அந்த எண்ணைப் பீரோ கண்ணாடியின் மூலையில் கண்மையால் எழுதிவைத்தாய். தலை வாரும்போதெல்லாம் அது என் நெற்றிக்குப் பக்கத்தில் தெரியும். அம்மா துடைத்துவிடுவாள், நீ மறுபடி எழுதுவாய். உன் கணக்கில் வருகிற மிச்சம் அதைவிடக் கூடுதலாக வந்தால், இப்படி ஒரு துகள்தான் கரும்பொருள் என்ற உன் யோசனை செத்தது. அவ்வளவு பொருள் வானத்தில் இல்லையே. குறைவாக வந்தால் பிழைத்துக்கொள்ளும், மீதிக்கு வேறு ஏதோ ஒன்று பங்குக்கு வர வேண்டும். சரியாக வந்தால்தான் முழு வெற்றி.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாய், "எங்க ஆளுங்க எல்லாருக்கும் ஒரு வியாதி கீது. வர வேண்டிய பதில் முன்னாடியே தெரியும் இல்ல? அது வர்ற வரைக்கும் தப்பு தேடுவாங்க. அது வந்ததும் தேடுறத நிறுத்திடுவாங்க. அதுக்கப்புறமும் தப்பு இருந்தா? எவனுக்குத் தெரியும்."

அதற்குத்தான் பூட்டு. கடைசி விடையை ஒரு ரகசிய எண்ணால் பெருக்கித்தான் கம்ப்யூட்டர் உங்களுக்குக் காட்டும். திரையில் பார்ப்பது நிஜ விடையா, அதில் பாதியா, இரண்டு மடங்கா என்று உங்கள் யாருக்கும் தெரியாது. எல்லாத் திருத்தமும் முடிந்து, இனி எதையும் தொடமாட்டோம் என்ற பிறகுதான் அந்த எண்ணைக் கேட்டு வகுத்துப் பார்ப்பீர்கள். எண்ணைப் போடுகிறவர் உங்கள் குழுவில் இல்லாத ஆளாக இருக்க வேண்டும். நிவேதா யாரோ சிநேகிதியின் பெயரைச் சொன்னாளாம். நீ வேண்டாம் என்றுவிட்டு லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தாய்.

"பாதியிலேர்ந்து ரெண்டு வரைக்கும் எந்த நம்பர் வேணா தட்டு. இதப் போடாத, அதப் போடாதன்னு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். சொன்னா அதுவே எனக்குத் துப்பு. தட்டிட்டு மூடி வெச்சிடு. யார் கேட்டாலும் சொல்லாத, நானே கேட்டாலும் சொல்லாத." சொல்லிவிட்டு நீ பால் காய்ச்சப் போய்விட்டாய்.

அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நிவிக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியப் போகிறது. உனக்கே தெரியாதது. விரலை விசைமேல் வைத்துக்கொண்டு யோசித்தேன். இரண்டு என்று போட மனம் வரவில்லை. ஏற்கெனவே நீ எல்லாரிடமும் இரண்டு மடங்காகத்தான் இருந்தாய், திரையில் வேறு எதற்கு. பாதி என்று போட ஆசை இருந்தது. ரொம்ப ஆசை. கை போகவில்லை. கடைசியில் ஒன்று என்று தட்டினேன். ஒன்றால் பெருக்கினால் எதுவும் மாறாது என்பது பத்தாவதோடு நின்றவளுக்கும் தெரியும்.

ஆக, மாதக்கணக்காக நீயும் அவளும் திரையில் பார்த்துக்கொண்டிருந்தது நிஜ விடையைத்தான். மூடி வைத்த பெட்டி என்று நினைத்துக்கொண்டு திறந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அது கூடுதலாக இருந்தது. கண்ணாடியில் இருந்த எண்ணைவிட நிறையவே கூடுதல். நீ போனில் அவளிடம் சொல்வதைக் கேட்டேன், "அதிகமாத்தான் காட்டுது நிவி. ஆனா அதுக்கு அர்த்தமே இல்லை, பின்னாடி என்ன நம்பர் இருக்கோ." எனக்கு அர்த்தம் தெரியும். நீ தப்பு. எல்லாப் பரீட்சையிலும் முதலில் வந்த நீ இதில் தப்பு. அது உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். துணிகளை மடித்து அடுக்கும்போது அதை நினைத்துக்கொள்வேன். அது எனக்கு இனித்தது.

அப்புறம் உனக்குக் காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் கோளாறு என்றார்கள். அடையாறு ஆஸ்பத்திரியில் உன் கட்டில் ஜன்னலோரம். கடை முடிந்து நான் வரும்போதெல்லாம் நிவேதா அங்கே இருப்பாள். கட்டிலின் கால்மாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, லேப்டாப்பை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு. எனக்கு நின்றுகொள்ளத்தான் இடம். நீங்கள் கடைசித் திருத்தத்தில் இருந்தீர்கள். உன் துகளைவிடக் கொஞ்சம்தான் எடை கூடின இன்னொரு துகள் துணையாக இருந்தால், அது இதையும் சேர்த்துக் காலி செய்யும், மிச்சம் குறையும் என்பது நிவேதாவின் யோசனை. "நல்லா கண்டுபிடிச்ச நிவி" என்றாய். அந்த நல்லாவை என்னிடம் எதற்கும் நீ சொன்னதில்லை.

ஒரு மதியம் அவள் வரவில்லை. அம்மா மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தாள். உன் கை குச்சி மாதிரி போர்வைமேல் கிடந்தது. எனக்கு இனிப்பெல்லாம் போய்விட்டிருந்தது.

"அந்த நம்பரச் சொல்லட்டா?" என்றேன்.

நீ கண்ணைத் திறந்தாய். "வாய மூட்றி. வேல முடியல."

"முடியறதுக்குள்ள..." என்று ஆரம்பித்தேன்.

நீ என் பக்கம் திரும்பிப் படுத்தாய். "நீ இப்ப சொல்லி அது நல்ல நம்பரா இருந்துச்சின்னு வை, நான் இத்தோட நிறுத்திடுவேன். நிறுத்தணும்னு ஆசையா கீதுடி. அதுக்குத்தான் சொல்லாதங்கிறேன்." அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, "ஊமக்கோட்டானுக்கு இப்பதான் வாய் வந்துச்சி பாரு" என்றாய்.

அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. உன்னை வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று நிவேதா வாய்விட்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, சுவரோரம் நின்றேன். உன் ஆபீசிலிருந்து வந்த ஒரு அம்மா அவள் தோளைத் தட்டி, "நீதான் தங்கச்சியா?" என்று கேட்டார். அவள் என்னைக் கை காட்டினாள். அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்த பார்வையில், டீச்சர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

நேற்று சனிக்கிழமை. போகக்கூடாது என்று இருந்துவிட்டு, கடைசியில் பறக்கும் ரயிலில் ஏறிவிட்டேன். கோட்டூர்புரத்துக்கு முன்னால் ஆற்றைத் தாண்டும்போது எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். நான் திரும்பவில்லை, அந்த எண்ணைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்திரா நகரில் இறங்கி விசாரித்து விசாரித்துப் போவதற்குப் பதில், யாரிடமும் கேட்கப் பயந்து இரண்டு தெரு தப்பாகச் சுற்றிவிட்டுத்தான் உன் ஆபீசுக்கு வந்து சேர்ந்தேன். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட நீ என்னை அங்கே கூட்டிப்போனதில்லை.

உன் மேசையில் யாரும் இல்லை. நிவேதா என்னை அவள் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, உன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். எவ்வளவு சாதாரணமாக இழுத்தாள் என்று பார்த்தேன்.

"நீ வரமாட்டியோன்னு நெனச்சேன்."

"நான் வராட்டி என்ன பண்ணுவீங்க?"

"பூட்டே இல்லாம மொதல்லேர்ந்து மறுபடி ஓட்டலாம். மெஷின் கிடைக்கணும், நாளாகும், அவ்ளோதான். ஆனா அது அக்கா போட்ட பூட்டு. நான் உடைக்க மாட்டேன்."

அவள் அப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

திரையைக் காட்டினாள். துணைத் துகளையும் சேர்த்து, எல்லாத் திருத்தமும் முடிந்து நின்ற எண். வானத்தின் எண்ணைப் பக்கத்தில் ஒரு காகிதத்தில் எழுதியிருந்தாள். எனக்கு அது தேவையில்லை, எத்தனை நாள் அதைப் பார்த்துத் தலை வாரியிருக்கிறேன். திரையில் இருந்தது இப்போது குறைவு. வானத்தின் எண்ணில் முக்கால் பங்குதான் இருந்தது.

"முக்கால்னு மட்டும் நீ சொன்னேன்னா, நான் இங்கயே எழுந்து ஆடிடுவேன்" என்றாள் நிவேதா. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, நான் இதைச் சொல்லியிருக்கப்படாது. அக்கா இருந்தா என்னை அடிச்சிருப்பா."

நான் போட்ட எண் முக்கால் என்று சொன்னால், அவள் முக்காலால் வகுப்பாள், விடை வானத்தோடு அப்படியே ஒட்டிக்கொள்ளும். யாரும் சரிபார்க்கப் போவதில்லை, மறுபடி ஓட்டமாட்டேன் என்று அவளே சொல்லிவிட்டாள். ஒரே வார்த்தை அக்கா. பிரபஞ்சத்தில் கரும்பொருள் எவ்வளவு மிச்சம் என்று நீ சரியாகச் சொன்னதாக ஆகிவிடும். உன் பெயரை எங்கெங்கோ சொல்வார்கள். அம்மா அதைக் கேட்பாள். நீ ஆசைப்பட்டது உனக்குக் கிடைக்கும், அதைக் கொடுத்தது நானாக இருப்பேன், அது யாருக்கும் தெரியாது.

அப்புறம் மற்றதெல்லாமும் தோன்றியது. செத்தும் நீதான் முதலில் வருவாய். நான் சாகிறவரைக்கும் அவ தங்கச்சியா நீ என்று கேட்பார்கள். உன் பெயருக்குப் பக்கத்தில் நிவேதாவின் பெயர் இருக்கும், என் பெயர் இருக்காது. துணைத் துகள் அவள் யோசனைதானே. அவள் எழுந்து ஆடுவாள்.

அவள் அவசரப்படுத்தவில்லை.

"ஒண்ணு" என்றேன்.

"என்ன?"

"நான் போட்ட நம்பர் ஒண்ணு."

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். "அப்போ நாங்க பாத்துண்டிருந்தது எல்லாம்... நெஜமான நம்பரா? மொதல்லேர்ந்தா?"

தலையை ஆட்டினேன்.

"பாவி" என்றாள். சிரிக்க ஆரம்பித்தாள், நடுவில் அது அழுகையாக மாறியது, சால்வை இல்லாததால் துப்பட்டாவில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு நாள்கூட மூஞ்சில காட்டலியே நீ. அக்கா அந்த லேப்டாப்பை உன்கிட்ட எடுத்துண்டு போன அன்னிக்கு, ரெண்டு நாள் நான் அவளோட பேசவே இல்லை தெரியுமோ? என் சிநேகிதிகிட்டக் கொடுக்கலாமேன்னு கேட்டதுக்கு, என் தங்கச்சி இருக்கும்போது வேற எதுக்குன்னுட்டா."

அதைக் கேட்க எனக்கு நன்றாக இருந்தது. அவள் பேசாமல் இருந்த அந்த இரண்டு நாளும் எனக்கு இன்னும் நன்றாக இருந்தன. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

உனக்காக நிஜத்தைச் சொன்னேனா, அவள் ஆடக்கூடாது என்று சொன்னேனா, எனக்குத் தெரியவில்லை. நேற்றிலிருந்து யோசிக்கிறேன். இரண்டும்தான் இருக்கும். நீ இருந்தால் எது எவ்வளவு என்று கணக்குப் போட்டிருப்பாய்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நிவேதா திரையை மூடினாள். "குறைச்சல்தான். ஆனா செத்துப் போகலை. இது முக்கால், மீதிக்கு வேற ஏதோ ஒண்ணு இருக்கு. இப்படியேதான் எழுதி அனுப்புவேன். ஒரு புள்ளிகூட மாத்த மாட்டேன்." அப்புறம் மீதிப் பங்குக்கு அவள் தொடங்கியிருக்கிற புதுக் கணக்கைப் பற்றிச் சொன்னாள். எனக்குப் பாதி புரியவில்லை. கடைசியில், "இதுக்கும் பூட்டுப் போடணும். வெளி ஆள்தான் போடணும்" என்றாள்.

வெளி ஆள் என்பது சுருக்கென்றது. ஆனால் வேறு யாரையும் அவள் கேட்டுவிடக்கூடாது என்று அதைவிடப் பெரிய பயம் வந்தது. "தள்ளுங்க, நான் போடுறேன்" என்றேன். அவள் காபி எடுத்து வருகிறேன் என்று வெளியே போனாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "தொறந்தாச்சா? உள்ள இன்னா கீது?"

"அக்கா முக்கால்வாசி சரியாம்மா."

அம்மா கத்தியை நிறுத்தினாள். "முக்காலா? நூத்துக்கு நூறு வாங்குற பொண்ணாச்சே."

"மீதியத் தேடிகினு கீறாங்க."

"யாரு, அந்தப் பொண்ணா?"

"நாங்க" என்றேன். வாய் தவறித்தான் வந்தது. அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

இந்தத் தடவை ஒன்று போடவில்லை. விரலை வைத்துக்கொண்டு நிறைய யோசித்து, எனக்குப் பிடித்த ஒரு எண்ணைப் போட்டேன். அது என்னோடு கடைக்கு வரும், புடவைக்குத் துணி தேடும், ராத்திரி என் பாயில் படுத்துக்கொள்ளும். நிவேதாவுக்கு அது தெரியாது. அவள் வேலை முடித்து வந்து கேட்கிற அன்றைக்குச் சொல்வேன், சொல்லும்போது எனக்கு எரியத்தான் செய்யும், இருந்தாலும் சொல்வேன். அதுவரைக்கும் கிடையாது. நீயே வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன்.